துடைக்கக் கூடாத சுண்ணாம்பு

ரப்பர் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நீங்கள் இப்போது பீடோங், கூலிம், இன்னும் தூரமான ஊர்கள் என்று சிதறிக் கிடக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கூடும்போது யாராவது என்னிடம் மைக்கை நீட்டுகிறீர்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் திறக்காது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டாலே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் எனக்காக "இருக்கா சார்" என்பாள். அதனால் எழுதித் தருகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குக் கண் போன வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்களும் அன்றைக்கு அந்தக் களத்தில் இருந்தவர்கள், புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் போன மாதம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

மரங்கள் இலை கொட்டிய காலம் அது. பால் குறைந்துவிட்டதால் வெட்டு சீக்கிரம் முடியும். ஆண்கள் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சருகை ஒதுக்கிவிட்டுக் கம்பு சுற்றுவார்கள். கோயில் திருவிழாவில் பக்கத்துத் தோட்டத்தோடு சிலம்பப் போட்டி. பிரம்புக்கு எண்ணெய் தடவி நெருப்பில் வாட்டுகிற வாசனை வீட்டுக்குள் வந்து சோற்றில்கூட ஒட்டிக்கொள்ளும். பகல் முழுக்கக் காற்றை வெட்டுகிற சத்தம். சத்தத்தை வைத்தே யார் சுற்றுகிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். அண்ணனுடைய கம்புக்கு மட்டும் கடைசியில் ஒரு சின்ன விசில் வரும்.

அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. தோட்டத்து லாரி டிரைவருக்குத் துணையாளாகப் போய் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். டிரைவருக்கு வயதாகிவிட்டது, அடுத்து அந்த இடம் அண்ணனுக்குத்தான் என்று ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணியே அப்பாவிடம் சொல்லியிருந்தார். பால்காட்டுக்குப் போகாமல் பிழைக்கப் போகிற முதல் ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

"சோத்துத் தட்டுக்கு பிரேக் எதுக்குடா, அது எங்கயும் ஓடாது. சாப்பிடு" என்பாள் அம்மா.

முந்தின வருஷப் போட்டியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவருக்குத் தாடை உடைந்து, வாய் கோணிப் போயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தோட்டத்துக்குள் ஒரு கம்பு இருக்கக் கூடாது என்று துரை சொல்லிவிட்டாராம். பெரிய கிராணி பயந்து போய்ச் சட்டம் போட்டார். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற அதே மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு உரக்கச் சொன்னார். நானும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

இனி அடிக்கக் கூடாது, தொட வேண்டும். கம்பின் முனையில் சாக்குத் துணி சுற்றி மையில் தோய்க்க வேண்டும். நெஞ்சிலும் தோளிலும் பட்ட அடையாளத்துக்குப் புள்ளி. கழுத்துக்கு மேலே பட்டால் அடித்தவன் தோற்றான், பட்டவன் ஜெயித்தான்.

முதலில் கரியைத்தான் யோசித்தார்கள். வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கிற தண்டல் எழுந்து, "கிராணி ஐயா, என் மேல கரி பட்டா யாருக்குத் தெரியும்? பல்லுல பட்டாத்தான் தெரியும்" என்றார். துரை பங்களா வரை கேட்கிற மாதிரி சிரித்தோம். அப்படித்தான் சுண்ணாம்பு வந்தது. திருவிழாவுக்காக லயங்களுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு எப்படியும் கலக்கத்தானே போகிறார்கள்.

கிராணி கடைசியாக ஒன்றைச் சொன்னார். நம் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்குத் தெரியும். அடையாளம் பட்டதும் துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, படவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். ஆகையால் பட்ட சுண்ணாம்பை அவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை யாரும் துடைக்கக் கூடாது. துடைத்தவன் தோற்றவன்.

இதில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று போட்ட சட்டம்.

அந்த வருஷம் சுண்ணாம்பு நீற்றியது அப்பா. டவுனிலிருந்து சாக்கில் கல் சுண்ணாம்பு வந்தது. பழைய தார் பீப்பாய்க்குள் கொட்டி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். நீங்களும் சுற்றி நின்றீர்கள், ஞாபகம் இருக்கும். முதலில் ஒன்றுமே ஆகவில்லை. பிறகு கல்லுக்குள் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பீப்பாயே குதிக்கிற மாதிரி கொதித்தது. வெள்ளைப் புகை. தொண்டை எரிந்தது. அப்பா எங்கள் கோழி போட்ட ஒரு முட்டையைக் கம்பிக் கரண்டியில் வைத்து உள்ளே இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து உடைத்தால், உள்ளே கெட்டியாக வெந்திருந்தது.

"பாத்துக்குங்க. கல்லு சும்மாதான் கெடக்கும். தண்ணி பட்டா முடிஞ்சுது. விரல விட்டா எலும்புதான் வெளிய வரும்" என்றார்.

நாங்கள் யாரும் அந்த முட்டையைத் தொடவில்லை. அண்ணன்தான் வாங்கி ஒரே வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையில் கொதிக்கிற மாதிரி துள்ளிக் காட்டினார். நான் அழுதுவிட்டேன்.

இரண்டொரு நாளில் அதெல்லாம் அடங்கி, பீப்பாய் தயிர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அதில் நீலம் கலந்து சுவருக்கு அடித்தார்கள். அப்பாவின் கையெல்லாம் வெடித்துப் போகும். சாயங்காலம் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள். சுண்ணாம்பு பட்ட கைக்கு எண்ணெய்தான் மருந்து என்று எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்.

திருவிழா அன்றைக்கு அப்பா எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கைப்பிடி வைத்து, சிவப்புச் சாயம் அடித்த வாளி ஒன்று எங்களிடம் இருந்தது. "ஆட்டக்காரங்களுக்குத் தண்ணி குடுக்கிறது நீதான். பேச வேணாம், நீட்டினாப் போதும்" என்றார். என்னை நம்பி ஊர் முன்னால் ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, களத்தின் ஓரத்தில் கிராணியின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேஜைக்குக் கீழே சுண்ணாம்புச் சட்டி. வெயிலில் அது இறுகிக்கொண்டே வந்தது. கிராணி குனிந்து பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இதுல கொஞ்சம் ஊத்து" என்றார். நான் சிரட்டையால் மொண்டு ஊற்றினேன். அப்பா வந்து குச்சியால் கலக்கிவிட்டுப் போனார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு எதிரே வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர். இடது கை ஆள், நெட்டை. வந்ததுமே எங்கள் பக்கத்திலிருந்து கேலி தொடங்கிவிட்டது.

"என்னண்ணே, அந்தக் கையில கஞ்சி குடிப்பியா?"

"குடிப்பேன்டா. ஒன் பங்கையும் சேத்துக் குடிப்பேன்."

அண்ணனுக்கு நெஞ்சில் ஒன்று, அவருக்குத் தோளில் இரண்டு என்று வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. கறுத்த உடம்பில் பளிச்சென்று தெரிந்தன. கிராணிக்கு ரொம்ப சந்தோஷம். பிறகு அந்த ஆள் கீழிருந்து ஒரு வீச்சு வீசினார். அண்ணன் தடுத்தார். கம்பு அண்ணனின் தோளை உரசி மேலே எகிறியது. முனையில் சுற்றியிருந்த சாக்கு, சுண்ணாம்பைக் குடித்து ஊறிப் போயிருந்தது. அது அப்படியே அண்ணனின் வலது கண்ணில் அப்பியது. மற்ற கண்ணிலும் தெறித்தது.

பலமான அடி இல்லை. சத்தமே வரவில்லை. சட்டம் சொன்ன மாதிரி தொட்டதுதான்.

அண்ணனின் கை முகத்துக்குப் போனது. எங்கள் ஆட்கள்தான் கத்தினார்கள்.

"தொடைக்காதடா. அப்படியே நில்லு. கிராணி பாக்கட்டும்."

"மூஞ்சியிலதான் பட்டிருக்கு, ஜெயிச்சோம்டா."

அண்ணன் கையை இறக்கிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் விடவில்லை.

"தோள்ல பட்டுத் தெறிச்சதுய்யா. தெறிச்சதுக்குமா சட்டம்?"

"இவன்தான் குனிஞ்சு வாங்கினான்."

"ஆமாடா, வெள்ளையடிச்சுக்க ஆசையா வந்து குனிஞ்சான்" என்றார்கள் நம் ஆட்கள்.

கிராணி எழுந்து வந்தார். தோளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அடையாளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டார். இரண்டு தோட்டத்துப் பெரியவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு பேசினார்கள். ஒரு சுருட்டைப் பற்ற வைத்துப் பாதிக்கு மேல் இழுத்திருக்கலாம், அவ்வளவு நேரம்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தொடையில் ஒட்டி, தாடையை நிமிர்த்தி நின்றார். கண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெள்ளையாக வழிந்தது. விரல்கள் மட்டும் மூடி மூடித் திறந்தன. துடைத்தால் தோல்வி. அவர் துடைக்கவில்லை.

ஜெயித்தது நம் தோட்டம் என்றார் கிராணி. மேளம் அடித்தார்கள். தூக்க வந்தவர்கள் கைக்கு அகப்படாமல் அண்ணன் முழங்கால் மடங்கி விழுந்தார். அப்போது அவரிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாக ஓடியது. எனக்கு முன்னால் அப்பா ஓடி வந்து வாளியை எட்டி உதைத்தார்.

"தண்ணி ஊத்தாத. கொதிச்சிரும். கண்ணு வெந்துரும்."

"ஆமா புள்ள, தண்ணி கூடாது, தண்ணி கூடாது" என்றார்கள் சுற்றி நின்ற பெரியவர்கள் அத்தனை பேரும். எல்லோரும் அந்தப் பீப்பாயைப் பார்த்தவர்கள். முட்டையைப் பார்த்தவர்கள். எனக்கும் முட்டைதான் கண் முன்னால் வந்தது. நல்லவேளை, அப்பா தடுத்தார் என்று நினைத்தேன். தண்ணீரைச் செம்மண் குடித்துவிட்டது.

அப்பா தன் துண்டால் துடைத்தார். காய்ந்த துண்டு. பிறகு எண்ணெய் ஊற்றினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஓடி வந்து தாய்ப்பால் பீய்ச்சினாள். தோட்டத்து மருத்துவமனை டிரஸர் பீடோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக டிரைவரைத் தேடினார்கள். அவர் கள்ளுக்கடைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தார். லாரி ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் அண்ணன்தான்.

வேறு வண்டி பிடித்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீஷில் கோபமாக ஏதோ நிறையப் பேசினாராம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற தமிழ்க்கார அட்டென்டன், அப்பாவிடம் திரும்பி, "ரொம்ப லேட்டா கொண்டாந்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாராம். அப்பா அந்தப் பழியை டிரைவர் மேல் போட்டுவிட்டார். சாகும் வரை அந்த ஆளோடு பேசவில்லை. டாக்டர் பேசியதில் மிச்சம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

வலது கண் வெள்ளை விழுந்து மூடிவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்கிற அளவுக்கு மிஞ்சியது. அப்பா அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "பதறிப்போயி தண்ணிய ஊத்தியிருந்தா ரெண்டும் குழியாப் போயிருக்கும். நான் தடுத்தேன்" என்பார். வந்தவர்களும் தலையாட்டுவார்கள். அண்ணனும் தலையாட்டுவார்.

பரிசாகக் கொடுத்தது பூப்போட்ட மங்குத் தூக்குச்சட்டி, மூன்று அடுக்கு. அம்மா அதில் ஒரு நாளும் சோறு கட்டவில்லை. ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்து, தோட்டத்தைச் செம்பனை நடுவதற்காக அழித்தபோது எந்த வண்டியில் போனதோ தெரியாது. அந்தச் சிவப்பு வாளியில் அப்பாவின் உதை விழுந்த இடம் குழிந்திருந்தது. தட்டி நிமிர்த்தலாம், யாரும் செய்யவில்லை. அடி இற்றுப் போகும் வரை அதில்தான் பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தேன். குழிவின் விளிம்பு என் முட்டியில் இடிக்கும்.

டிரைவர் இடம் வேறொருவருக்குப் போயிற்று. அண்ணன் அம்மாவோடு காட்டுக்குப் போய், கையால் தடவித் தடவி மரத்து வெட்டுக் கோட்டில் காய்ந்த பாலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. இப்போது பாடாங் செராயில் என் வீட்டில்தான் இருக்கிறார். லாரி போனால் இன்னும் காது கொடுத்துக் கேட்பார். "கியர மாத்தத் தெரியல பயலுக்கு" என்பார்.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பப் போட்டி நடந்தது. என் மகளுக்குக் கூலிம் ஹைடெக்கில் தொழிற்சாலை வேலை. முதலுதவி படித்தவள் என்பதால் அங்கே உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனாள். நான் சுவர் ஓரமாக, அவள் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவும் ஒரு மேஜைக்குப் பக்கம்தான்.

பிள்ளைகளின் முகத்துக்குக் கம்பி வலை வைத்த தொப்பி, நெஞ்சுக்குத் தடித்த அட்டை, காலுக்கும் கைக்கும் உறை. முதல் வரிசையில் ஒரு பையன் தொப்பியைக் கழற்றி மூக்கைச் சொறிந்ததற்கே நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, "தம்பி, தலையில போடு, இல்லேன்னா வெளிய போ லா" என்றார். ஒரு பெண் பிள்ளை கண்ணைக் கசக்கினாள். நடுவர் கையைத் தூக்கினார், உடனே எல்லாம் நின்றது. புள்ளி பிறகு, ஆள் முதலில் என்றார். மகள் ஓடினாள். வியர்வைதான். மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பீய்ச்சிக் கழுவி அனுப்பிவிட்டு வந்தாள்.

"அதுல என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"மருந்தில்லம்மா, சுத்தமான தண்ணிதான். கண்ணுல எது பட்டாலும் மொதல்ல இதான். எங்க ஃபேக்டரில இதுக்குன்னே பைப் வச்சிருக்காங்க."

"சுண்ணாம்பு பட்டா?"

"சுண்ணாம்புக்குத்தான் கட்டாயம் ஊத்தணும். அது உள்ள இருக்க இருக்க அரிச்சிக்கிட்டே போகும். அந்த நிமிஷமே ஊத்தணும், நிறுத்தாம ஊத்தணும்."

"கொதிக்காதா?"

அவள் சிரித்தாள். "செவத்துக்கு அடிக்கிறதுதானே? அது ஏற்கெனவே தண்ணியில கொதிச்சு ஆறுனதுதானேம்மா. மறுபடி எப்படிக் கொதிக்கும்? ஏன், யாருக்குப் பட்டுச்சு?"

அவளுக்கு அண்ணன் கண் போனது தெரியும். கம்பு குத்திப் போயிற்று என்றுதான் தெரியும். "சும்மா கேட்டேன்" என்றேன். பீப்பாயிலிருந்த கல் கொதித்தது. சட்டியிலிருந்த சுண்ணாம்பு கொதிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அந்தச் சட்டியில் நானே தண்ணீர் ஊற்றினேன். அப்பாவே கலக்கினார். கிராணி பார்த்தார், நீங்கள் பார்த்தீர்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் அது சும்மா கிடந்தது. ஒரு நாழிகைக்குள் நாம் அத்தனை பேரும் அதை மறந்துவிட்டோம். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அண்ணனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற தூரம்தான்.

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யார் ஜெயித்தார்களோ.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார்.

"என்ன, நல்லா ஆடுனாங்களா?"

"ஆடுனாங்க."

"இப்ப மூஞ்சிக்கு என்ன சட்டம்?"

"வலை வச்ச தொப்பிண்ணே. மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"சுண்ணாம்பு?"

"அதெல்லாம் இல்ல."

அண்ணன் குடிக்கக் கேட்டார். நான் குவளையை அவர் கையில் வைத்தேன். வெளிச்சம் தெரிகிற அந்த இடது கண்ணை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தொப்பி இருந்து என்னா. பதறாத ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், அப்பா மாதிரி. அன்னைக்கு அவரு மட்டும் தண்ணிய தட்டி விடலேன்னா இந்த வெளிச்சம்கூட எனக்கு ஏது?"

"ஆமாண்ணே" என்றேன்.

அதைத்தான் இத்தனை வருஷமும் சொல்லி வருகிறேன். இப்போது தெரிந்த பிறகும் அதையே சொன்னேன். இனி அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்லது என்று அவர் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் இவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், இவருக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். உங்களிடம் எழுதியதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு "தண்ணி கூடாது" என்று சொன்ன பெரியவர்களில் ஒருத்தரும் இன்று இல்லை. அந்தச் சட்டியைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நாம்தான். தாளில் இருப்பதை அண்ணனால் படிக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வருவேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா தடுத்த கதையைத்தான் சொல்வார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். வேறு எதையும் சொல்லிவிடாதீர்கள்.